நடுவரின் விசிலும் காணொளி நடுவரின் குறுக்கீடும்

கேள்வி:
2023 உலகக் கோப்பை ரக்பி இறுதிப் போட்டியை மீண்டும் பார்த்தேன். நியூசிலாந்தின் ஆரன் ஸ்மித் டிரை அடித்தார், அதாவது எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றினார். ஆனால் அதற்குப் பல கட்டங்கள் (ஒரு தடுப்புக்கும் அடுத்த தடுப்புக்கும் இடைப்பட்ட ஆட்டம்) முன்பே, லைன் அவுட்டில் (வெளியே போன பந்தை மீண்டும் உள்ளே எறியும்போது) அவரது அணியினர் பந்தை முன்னோக்கித் தட்டிய பிழையைக் காணொளி நடுவர் சுட்டிக்காட்ட, அந்த டிரை ரத்தானது. நியூசிலாந்து தென்னாப்பிரிக்காவிடம் 11-12 எனத் தோற்றது. அவ்வளவு பின்னால் செல்ல விதியில் இடம் இருந்ததா?

பதில் 1:
இல்லை. அன்றைய நெறிமுறைப்படி இரண்டு கட்டங்கள் வரைதான் பின்னோக்கிப் பார்க்கலாம். முடிவு சரி, வழிதான் தவறு. ஆனால் சில நிமிடங்களிலேயே நியூசிலாந்தின் போடன் பாரெட் டிரை அடித்ததையும், அதற்கான கன்வெர்ஷன் (டிரைக்குப் பின் கூடுதல் புள்ளிக்காகக் கம்பங்களுக்கு இடையே உதைப்பது) தவறியதையும் விட்டுவிட்டு நடுவரை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது.

பதில் 2:
எனக்கு உறுத்துவது அட்டைகள்தான். நியூசிலாந்துத் தலைவர் சாம் கேனின் மஞ்சள் அட்டை (தற்காலிக வெளியேற்றம்) மறுஆய்வில் சிவப்பாக (முழு வெளியேற்றம்) மாறியது. தென்னாப்பிரிக்கத் தலைவர் சியா கோலிசியின் அட்டையோ மஞ்சளாகவே நின்றது. இரண்டிலும் தலையில் மோதல் நிகழ்ந்தது. மோதலின் வேகமும் தணிக்கும் காரணங்களும் வேறு என்று விளக்கலாம். அந்த விளக்கம் பார்வையாளரை அப்போதே எட்டவில்லையே!

பதில் 3:
ரக் ஒன்றை, அதாவது தரையில் கிடக்கும் பந்துக்காக இரு அணியினரும் அதன்மேல் நின்று முட்டித் தள்ளுவதை, சாதாரண வேகத்தில் பாருங்கள். தடுத்தவர் உருண்டு விலகினாரா, பந்தைப் பறிப்பவர் தம் கால்களில் நிற்கிறாரா, பந்து வைத்திருப்பவர் அதை விடுவித்தாரா என்பதையெல்லாம் நடுவர் ஓரிரு நொடிகளில், ஒரே பக்கத்திலிருந்து கணிக்க வேண்டும். நாமோ அதையே பத்து முறை நிறுத்திப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறோம்.