செங்கிஸ் கானின் புதைகுழியை மறைத்தது எப்படி? பழைய நூல்களில் உள்ளது எது, பிறகு ஒட்டியது எது?

செம்பனைக்காடு (கேள்வி):
வணக்கம். சனிக்கிழமை சுங்கை சிப்புட்டில் படிவம் நான்கு பிள்ளைகளுக்கு மங்கோலிய அரசர்களைப் புதைத்த முறையைப் பற்றிப் பாடம் எடுக்கிறோம். காணொளியில் எல்லாம் ஒரே கதைதான்: குழி தோண்டியவர்களைப் படைவீரர்கள் கொன்றார்கள், அவர்களை வேறு படை கொன்றது, மேலே ஆற்றைத் திருப்பி விட்டார்கள் என்று. இதில் எது உண்மை? பெட்டி, உள்ளே வைத்த பொருள், குழியை மூடிய விதம் எல்லாம் வரிசையாகத் தெரிந்தால் சொல்லுங்கள்.

பழைய லயம்:
ஆற்றுக் கதையை விட்டுவிடுங்கள் தம்பி. மங்கோலிய ஆட்சிக்குள்ளேயே இருந்து எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர்கள் ஜுவைனியும் ரஷீத் அல்-தீனும் அதைச் சொல்லவில்லை. 1245-47இல் போப்பின் தூதராக நேரில் போய்வந்த கார்ப்பினியும் சொல்லவில்லை. வழியில் எதிர்ப்பட்டவர்களைக் கொன்றார்கள் என்பது மார்க்கோ போலோ சொன்னது. செங்கிஸ் கானின் பேரன் மோங்கே கானின் சவ ஊர்வலத்தில் 20,000 பேருக்கு மேல் என்கிறார். அந்த எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டாம்.

செய்முறைக்கு, சீனாவை ஆண்ட மங்கோலிய யுவான் வம்சத்தைப் பற்றி 1370இல் தொகுத்த அரசவரலாறுதான் சிறந்தது. அதில் உள்ளபடி:

வாசனை மரத்துண்டு ஒன்றை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, ஆள் படுக்கும் அளவுக்கு மட்டும் உட்புறம் குடைவார்கள். உடலுக்கு மரநாய் இனத்து ரோமச் சட்டை, தோல் தொப்பி. காலணியும் இடைவாரும் வெள்ளைத் தோலில். கூடவே தங்கக் குடமும் குடுவையுமாக இரண்டு, ஒரு கிண்ணம், பிறகு கோப்பை, தட்டு, கரண்டி, சாப்பாட்டுக் குச்சி ஒவ்வொன்று. இரு பாதியையும் சேர்த்து நான்கு தங்கப் பட்டைகளால் இறுக்குவார்கள். பேரரசருக்கு இவ்வளவுதான். புதையல் தேடுவோர் கற்பனை செய்யும் தங்க மலை இந்தப் பட்டியலில் இல்லை.

தோண்டும்போது மண்ணைக் கட்டி கட்டியாகப் பெயர்த்து வரிசையாக அடுக்குவார்கள். பெட்டி இறங்கியதும் அதே வரிசையில் திருப்பி வைப்பார்கள். மிஞ்சிய மண் தொலைவுக்குப் போய்விடும். மூன்று அதிகாரிகள் ஐந்து லி, அதாவது சுமார் இரண்டரை கிலோமீட்டர் தள்ளித் தங்கி, தினமும் ஒருமுறை உணவை எரித்துப் படைத்து, மூன்று ஆண்டு கழித்துத் திரும்புவார்கள்.

மண்வெட்டி:
லயம் அண்ணன் சொன்ன மண் விஷயம்தான் இதன் உயிர். பிள்ளைகளுக்கு அதையே விளக்குங்கள். தோண்டிய மண் உதிர்ந்து ஏறக்குறைய கால் பங்கு பெருகிவிடும், அதற்கு மேல் பெட்டியும் இடம் பிடிக்கும். அதனால் மேடு விழும். மேட்டை வழித்துவிட்டால் மட்டும் போதாது. தோட்டத்து இடுகாட்டில் நாலு மழைக்குப் பிறகு புதுக்குழி உள்வாங்குவதைப் பார்த்திருப்பார்கள், அதேதான் அங்கும் நடக்கும். அடிமண் மேலே வந்துவிட்டாலோ, அங்கே முளைக்கும் புல் நிறம் மாறியே காட்டிக்கொடுக்கும்.

ஒவ்வொரு வேலையும் இதில் ஒன்றைத் தடுக்கிறது. வரிசை மாறாமல் வைத்தால் மேல்மண் மேலேயே நிற்கும். மிஞ்சியதை அகற்றினால் மேடு இல்லை. 1378இல் எழுதிய சீன அறிஞர் யே ஸிச்சி, குதிரைக் கூட்டத்தை ஓட்டி மிதிக்கவிட்டார்கள் என்கிறார். அது மண்ணை இறுக்கும். வசந்தத்தில் புல் முளைக்கும்வரை குதிரை வீரர்கள் காவல் இருந்து, பிறகு கூடாரத்தைக் கலைத்துப் போனார்களாம். கார்ப்பினி பார்த்த பிரபுக்களின் முறையில் புல்லை வேரோடு பெயர்த்து வைத்துக்கொண்டு, குழியின் பக்கவாட்டில் இன்னொரு அறை குடைந்து உடலை அங்கே வைத்தார்கள். நேர் கீழே தோண்டினாலும் உடல் அகப்படாது! இதைப் பலகையில் படமாக வரையுங்கள்.

செம்பனைக்காடு:
மிக்க நன்றி அண்ணன்மாரே. இடம் எது? சிலர் மங்கோலியாவின் புர்கான் கல்துன் மலை என்கிறார்கள், சிலர் சீனாவின் ஓர்டோஸ் என்கிறார்கள்.

பழைய லயம்:
ஓர்டோஸில் இருப்பது நினைவு மண்டபம். 1950களில் கட்டியது, உடல் அங்கே இல்லை. நினைவுப்பொருட்களைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருபவர்கள் தர்காத் மக்கள். புர்கான் கல்துன் என்பது ரஷீத் அல்-தீன் தரும் தகவல்: தனி மரம் ஒன்றின் நிழலில் நின்று கானே இடத்தைக் குறித்தார், பிறகு காடு அடர்ந்து காவலர்களுக்கே அடையாளம் போயிற்று, காவல் உரியாங்காய் குலத்தார் பொறுப்பு. கானின் மகன் தோலுயும் பேரன்கள் மோங்கேயும் குப்லாயும் அங்கேயே அடக்கம் என்கிறார்.

எதிர்வாதத்தையும் ஒதுக்க முடியாது. 1227 ஆகஸ்டில், தங்குத் நாட்டுப் போரின்போது இன்றைய கான்சு, நிங்சியா பக்கம் இறந்தவரை நேர்கோட்டிலேயே 1,400 கிலோமீட்டர் கோடையில் கொண்டுபோக வேண்டும். இருந்தாலும் என் எடை புர்கான் கல்துன் பக்கம்தான். அந்த மலை 2015 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளது.

மண்வெட்டி:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: எல்லா மங்கோலியரும் கடைசிவரை மறைக்கவில்லை. பாரசீகத்தை ஆண்ட கிளையில் ஹுலாகு 1265இல் உர்மியா ஏரித் தீவில் அடக்கமானார். 1295இல் இஸ்லாத்தைத் தழுவிய கஸான், தப்ரீஸ் அருகே எல்லோரும் காணத் தன் கல்லறையைத் தானே கட்டினார். அவருடைய தம்பி ஒல்ஜெய்து சுல்தானியாவில் எழுப்பிய குவிமாடம் ஏறக்குறைய 50 மீட்டர் உயரம், இன்றும் நிற்கிறது. அந்தப் படத்தையும் பக்கவாட்டு அறைப் படத்தையும் அடுத்தடுத்துக் காட்டுங்கள்.