மேய்ச்சலில் ஹால்டர்: கழற்றி விடணுமா, மாட்டியே விடலாமா?

செவலை:
எங்க லாயத்துல இன்னொருத்தரோட பெண்குதிரை. நைலான் ஹால்டரோட, அதாவது பிடிச்சு நடத்துறதுக்காகத் தலையில மாட்டுற பட்டையோட, மேய விட்டிருந்தாங்க. ஈ கடிச்சிருக்கும் போல, பின்னங்காலைத் தூக்கிக் காதுக்குக் கீழ சொறிஞ்சுது. லாடத்தோட பின்முனை கன்னப்பட்டைக்குள்ள மாட்டிக்கிச்சு. கால் கீழ இறங்கல. மூணு கால்ல ஒரு சுத்து சுத்திட்டு விழுந்துச்சு. அந்தக் கால் உதைக்க உதைக்க, தலை தரையில அடிபட்டுக்கிட்டே இருந்தது. ஒருத்தர் கழுத்து மேல சாய்ஞ்சு அமுக்கினார், நான் கத்தியால பட்டையை அறுத்தேன். நைலான் லேசுல அறுபடாது, கத்தி வழுக்கிக்கிட்டே இருந்துச்சு. குதிரை பிழைச்சிருச்சு. ஆனா அந்தக் கத்தி வழுக்கின நேரம் என்னை விட்டுப் போகவே மாட்டேங்குது. மேய்ச்சலுக்கு ஹால்டர் வேண்டவே வேண்டாங்கிறது என் கட்சி. உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்க.

நாலுகால்:
எனக்கு நடந்தது நேர்மாறு. ராத்திரி அடிச்ச காத்துல மரம் வேலி மேல சாய்ஞ்சு, குதிரை ரோட்டுக்குப் போயிருச்சு. தேடிக்கிட்டுப் போனா, குதிரையைத் தொட்டே பழக்கமில்லாத ஒரு லாரி டிரைவர் ஒரு கையால ஹால்டரைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால எதிர்ல வர்ற வண்டிகளை நிறுத்திக்கிட்டு நடுரோட்டுல நிக்கிறார். வெறுந்தலையா இருந்திருந்தா அந்த மனுஷன் எதைப் பிடிச்சிருப்பார்? நான் மாட்டித்தான் விடுவேன்.

குளம்படி:
குட்டிகளைப் பத்தி யாரும் பேசலையே. கைமாறி எங்ககிட்ட வந்த குட்டி ஒண்ணு. பால் குடிக்கிற வயசுல மாட்டின ஹால்டர். கிட்டப் போனா மிரளுதுன்னு பழைய இடத்துல அப்படியே விட்டுட்டாங்க. தலை வளர்ந்தது, பட்டை வளரல. முதல்ல நாத்தம்தான் வந்துச்சு. கிட்டப் போய்ப் பார்த்தா மூக்குப்பட்டை தோலுக்குள்ள புதைஞ்சு, மேல சதை மூட ஆரம்பிச்சிருந்தது. டாக்டர் மயக்க ஊசி போட்டு, கொஞ்சம் கொஞ்சமா உரிச்சு எடுத்தார். இப்போ அது பெரிய குதிரை. மூக்கெலும்புல பள்ளம் அப்படியே இருக்கு, விரலை வச்சா உள்ள இறங்கும். வளர்ற குட்டிக்கு ஹால்டரை மாட்டிட்டு மறக்கறவங்களை என்னால மன்னிக்க முடியல.

சேணக்கொட்டில்:
நாலுகால் சார், அந்த டிரைவருக்குக் கும்பிடு. ஆனா அது வேலியில இருந்த கோளாறு. அதுக்காக வருஷம் பூரா குதிரை முகத்துல ஆபத்தைக் கட்டி வைக்கிறதா? நான் கண்டதைச் சுருக்கமா சொல்றேன். கேட் கொக்கியில ஹால்டர் சிக்கிக்கிட்ட குதிரை, கேட்டையே கீலோட பிடுங்கி இழுத்துக்கிட்டு ஓடிச்சு.

இதுல புரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. மாட்டிக்கிட்ட குதிரை நின்னு யோசிக்காது. காதுக்குப் பின்னால அழுத்தம் விழுந்த உடனே பின்னால இழுக்கும். இழுக்க இழுக்க அழுத்தம் கூடும், கூடக் கூட இன்னும் வெறியா இழுக்கும். அரை டன் எடை. பட்டை நைலான், வளையம் இரும்பு. ரெண்டும் விட்டுக்கொடுக்காதப்போ கழுத்துதான் விட்டுக்கொடுக்கும்.

மாட்டியே ஆகணும்னா, காதுக்குப் பின்னால போற பட்டை மட்டுமாவது மெல்லிய தோலா இருக்கட்டும், அறுந்துரும். வைக்கோல் கட்டுற பிளாஸ்டிக் கயிறை நம்பாதீங்க, அது லேசுல அறாது. மூக்குப்பட்டை கன்ன எலும்புக்கு ரெண்டு விரல் கீழ நிக்கணும். அதுக்கும் கீழ போனா மூக்கெலும்போட மெல்லிய நுனியில அழுத்தும். தொளதொளன்னு விட்டா குளம்பு நுழையும். இறுக்கினா மெல்லும்போது உராயும், உராய்ஞ்ச இடத்துல பிற்பாடு வெள்ளை முடி முளைக்கும். தினமும் கழற்றி அடியில தடவிப் பாருங்க.

பிடிக்க வராத குதிரைன்னா அதுக்கு வழி பழக்கம்தான். பிடிக்கிறப்போ எல்லாம் வேலை வாங்கினா அது ஓடத்தான் செய்யும். சும்மா போங்க, சொறிஞ்சு விடுங்க, ஹால்டரை மாட்டி அங்கேயே கழற்றிட்டுத் திரும்பி வாங்க. நாள் பிடிக்கும், ஆனா வரும். ஹால்டரும் கயிறும் கேட்டுக்குப் பக்கத்துலயே தொங்கட்டும், அவசரத்துக்கு யாரும் எடுக்கலாம்.

நாலுகால்:
வேலியில கோளாறு இல்லைங்க. நல்ல வேலிதான், விழுந்தது மரம். தோல்பட்டை யோசனையை ஏத்துக்கிறேன். வெறுந்தலையா விடுறதை மட்டும் ஏத்துக்க முடியாது.

மட்டக்குதிரை:
கழற்ற வழியில்லாதவங்களும் இருக்கோம். என் குதிரைக்கு லாமினைட்டிஸ், அதாவது குளம்புக்குள்ள வர்ற அழற்சி, வந்து தேறினது. புல்லுல இருக்கிற சர்க்கரை ஆகாது, புல்லைக் கொஞ்சமா மட்டும் தின்ன விடுற வாய்க்கூடை போடாம மேய விடவே கூடாது. அந்தக் கூடை நிக்கணும்னா ஹால்டர் வேணும். தோல்பட்டை வச்சதுதான் மாட்டியிருந்தேன். ஒருநாள் விடியக்காலையில போய்ப் பார்த்தா, தண்ணித்தொட்டிக் குழாய்ல ஹால்டரும் கூடையும் தொங்குது, தோல் அறுந்திருக்கு. குதிரை வேலியோரத்துல மும்முரமா மேய்ஞ்சுக்கிட்டிருக்கு. கழுத்துல ஒரு கீறல்கூட இல்ல. குனிஞ்சு முன்னங்குளம்பைத் தொட்டேன், சுட்டுச்சு.

செவலை:
ஐயோ. குளம்பு இப்போ எப்படி இருக்கு?

மட்டக்குதிரை:
உடனே டாக்டரை வரவழைச்சு, குளம்பை ஐஸ்ல வச்சு, தப்பிச்சுது. இப்போ ராத்திரி வெளிய விடுறதே இல்ல. புல்லே இல்லாத சின்ன அடைப்புல வெறுந்தலையா நிக்கும், சர்க்கரை குறையத் தண்ணியில நனைச்சு வடிச்ச காய்ஞ்ச புல் போடறேன். கூடையோட மேயறது ஆள் கண்ணுல படுற பகல் நேரத்துல மட்டும். குழாயைச் சுத்திப் பலகை அடைச்சாச்சு. சேணக்கொட்டில் சொன்ன அதே தோல்பட்டைதான் இன்னமும், மாத்துப்பட்டை ஒண்ணு எப்பவும் கையில இருக்கு.