ரிபேட்டுக்குத் தமிழ்: தள்ளுபடியா, கழிவா, வேறொன்றா?

குழுவினருக்கு வணக்கம்.

என் தமிழால் ஒரு வீட்டுக்கு 4,000 வெள்ளி (ரிங்கிட்) நட்டம். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2024இல் 'சோலாரிஸ்' திட்டம் வந்தபோது, பினாங்கின் பிறையில் எங்கள் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) ஒரு துண்டறிக்கை எழுதிக் கொடுத்தேன். கூரையில் சோலார் பொருத்தி, மிஞ்சும் மின்சாரத்தைக் கட்டணத்தில் ஈடுகட்டும் 'நெம்' திட்டத்தில் சேரும் வீட்டுக்கு, கிலோவாட்டுக்கு 1,000 வெள்ளி வீதம் 4,000 வெள்ளி வரை அரசு தரும் என்பதுதான் சேதி. ஆங்கிலத்தில் 'ரிபேட்', மலாயில் 'ரெபாட்'. நான் கொட்டை எழுத்தில் 'வீட்டுச் சோலார் திட்டம்: தள்ளுபடி அறிவிப்பு' என்று தலைப்புப் போட்டேன். பக்கத்து வீட்டு அத்தை நாள் தவறாமல் தமிழ்ப் பத்திரிகை படிப்பவர். கோர்ட்டுச் செய்தி ஒன்றையும் விடமாட்டார். மனு தள்ளுபடி, வழக்கு தள்ளுபடி என்று படித்துப் பழகிய கண் அது. "திட்டத்தையே தள்ளுபடி பண்ணிட்டாங்கன்னுல்ல நெனச்சேன்" என்றார், காலமெல்லாம் கடந்த பிறகு.

இப்போது அந்தத் துண்டறிக்கையைப் புதிதாக எழுதவேண்டும். 2026 ஜனவரி 1 முதல் நெம்முக்குப் பதில் 'சோலார் அத்தாப்' வந்திருக்கிறது. (ஆங்கில எழுத்துகளைக் கோத்து, மலாயில் கூரை என்று பொருள் வரச் செய்திருக்கிறார்கள். தோட்டத்து அத்தாப்பு வீடுகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு விளக்கமே வேண்டாம். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.) நெம்மில் மிஞ்சிய மின்சாரத்தை அடுத்தடுத்த மாதங்களுக்குக் கொண்டுபோகலாம். அத்தாப்பில் மிச்சம் அந்த மாதத்தோடு சரி. அதனால்தான் எங்கள் வரிசையில் எல்லாரும் பேட்டரி விசாரிக்கிறார்கள். பகலில் விளைவதைப் பிடித்து வைத்து இரவில் மின்சாரக் காடிக்கு (காருக்கு) ஏற்றலாமே என்ற கணக்கு. 2025 ஜூலையில் வந்த புதிய கட்டண முறையில், நேரவாரிக் கட்டணத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு வார நாளில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை விலை கூடுதல். சோலார் இல்லாத வீடும் பத்து மணிக்குப் பிறகு காடியைச் செருகினால் லாபம்.

'அரசு பேட்டரிக்கு ரிபேட் தருதா?' என்றுதான் அடுத்த கேள்வி. மெல்பர்னில் இருக்கும் என் தங்கை வாங்கினாள். அங்கே 2025 ஜூலை 1இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் அது. பேட்டரி விலையில் ஏறத்தாழ 30 விழுக்காடு குறையும். ஆனால் அவள் கைக்கு ஒரு காசு வரவில்லை. பேட்டரியின் கொள்ளளவுக்கு ஏற்பச் சான்றிதழ்கள் கிடைக்கின்றன. அந்தச் சான்றிதழ்களை, பேட்டரி பொருத்துகிற நிறுவனத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டாள். அவர்கள் விலையிலேயே குறைத்துக்கொண்டார்கள். இதற்கும் பெயர் ரிபேட். நம் சோலாரிஸில் வேலை முடிந்து மின்சாரம் ஓடிய பிறகுதான் ரொக்கம் வந்தது. அதுவும் கூரைத் தகட்டுக்கு, பேட்டரிக்கு அன்று. அதற்கும் பெயர் ரிபேட்.

மூன்றாவது கூத்து காடி சார்ஜர். வீட்டில் சார்ஜர் பொருத்தும் செலவுக்கு 2,500 வெள்ளி வரை வருமான வரியில் 'பெலெபாசான்' (வரி போடும் வருமானத்தில் அந்தத் தொகையைக் குறைப்பது) உண்டு, 2027 வரை. எங்கள் தாமானில் பாதிப் பேர் 2,500 வெள்ளி கையில் வரும் என்று நினைத்திருக்கிறார்கள். 11 விழுக்காட்டுப் படியில் வரி கட்டுகிறவருக்கு உண்மையில் மிஞ்சுவது 275 வெள்ளி.

சரி, 'கழிவு' என்று போடலாமா? தீபாவளி விற்பனையில் '20 விழுக்காடு கழிவு' என்றால் நம் ஊரில் யாருக்கும் புரியும். ஆனால் அதே 2,500 வெள்ளிச் சலுகையை உணவுக்கழிவை உரமாக்கும் இயந்திரத்துக்கும் நீட்டியிருக்கிறார்கள். 'உணவுக்கழிவு இயந்திரத்துக்கு வரிக்கழிவு' என்று நான் எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள்.

என் முன்மொழிவு: மீள்தொகை. அடித்துத் துவையுங்கள்.

— பிறை, பினாங்கு

-----

தம்பி,

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து எழுதுகிறேன். முப்பது ஆண்டு தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் கொஞ்சம் அதட்டலாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தள்ளுபடிக்கு என்ன குறை? சிங்கப்பூரில் மின்கட்டணத் தள்ளுபடி என்றுதான் எழுதுகிறார்கள், மக்கள் புரிந்துகொள்கிறார்கள். உங்கள் அத்தை தடுமாறியது சொல்லால் அன்று, தலைப்பை நீங்கள் அடுக்கிய முறையால். 'சோலார் பொருத்தினால் 4,000 வெள்ளி தள்ளுபடி' என்று எழுதியிருந்தால் எந்த அத்தையும் தடுமாறமாட்டார்.

புதுச்சொல் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் 'மீள்படி' என்று வைத்துக்கொள்ளலாம். அகவிலைப்படி, பயணப்படி போல. வாயில் நன்றாக உட்காருகிறது.

இன்னொன்று. மடலில் பேட்டரி, பேட்டரி என்றே எழுதியிருக்கிறீர்கள். மின்கலன் என்று நான் பிள்ளைகளுக்குச் சொன்னது டார்ச்லைட்டுக்குள் போடுவது. சுவரில் மாட்டி, ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றுவதற்குச் 'சேமக்கலம்' என்று நல்ல சொல் எப்போதோ வந்துவிட்டது. அதைப் போடுங்கள்.

-----

வணக்கம் ஐயா, அண்ணா.

ஜார்ஜ்டவுனில் கணக்கு வேலை பார்க்கிறேன். வரிப் படிவம் நிரப்பும் மாதங்களில் இந்தக் குழப்பத்தில்தான் என் பிழைப்பே ஓடுகிறது.

ஐயா, மீள்படி அழகுதான். ஆனால் என் மகள் நாலாம் ஆண்டு படிக்கிறாள். அவளிடம் காட்டினேன். "மறுபடியும் படிக்கச் சொல்றாங்களா?" என்றாள். படித்ததைத் திரும்பப் படிக்கும் மீள்பார்வை என்று பள்ளியில் தினமும் கேட்கிற பிள்ளை வேறென்ன சொல்லும்?

அண்ணனின் மீள்தொகைக்கும் எனக்கு ஒரு தடை உண்டு. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்த வரி கூடிப்போனால், கூடுதலை வருமான வரி வாரியம் திருப்பித் தருகிறது. அது என் காசு, என்னிடமே மீள்கிறது. மீள்தொகை என்ற சொல் அதற்கு அளவெடுத்துத் தைத்தது. சோலாரிஸ் காசு அப்படியில்லை. அது அரசின் காசு, எங்கேயிருந்தும் மீளவில்லை.

காசு எந்த இடத்தில் அசைகிறது என்று பார்த்துப் பெயர் வைக்கலாமே. உங்கள் தங்கைக்கு நடந்தது முன்னாலேயே விலையில் கழிந்தது: முன்கழிவு. சோலாரிஸில் செலவு முதலில், வரவு பின்னால்: பின்வரவு. நம் தாத்தாமார் நோட்டில் கோடு கிழித்து எழுதிய வரவு செலவில் இருந்துதான் எடுத்தேன், புதிதாக ஒன்றும் செய்யவில்லை.

சார்ஜருக்கு உள்ளதை வரிவிலக்கு என்று பத்திரிகையில் எழுதுகிறார்கள், அதைப் பார்த்துத்தான் ஆட்கள் என்னிடம் 2,500 வெள்ளி கேட்டு வருகிறார்கள். வருமானத்தில் அந்தத் தொகையை விட்டுவிட்டு மீதிக்கு வரி போடுவதுதானே பெலெபாசான். 'விடுதொகை' என்றால் என்ன? மலாயில் 'லெபாஸ்' என்றாலும் விடுவதுதான்.

தள்ளுபடியைத் தூக்கி எறிய வேண்டாம். வரிக்குரிய வருமானம் 35,000 வெள்ளிக்குள் உள்ளவருக்கு, கட்டவேண்டிய வரியிலேயே 400 வெள்ளி தள்ளுகிறார்களே, அது அசல் வரித் தள்ளுபடி. சிங்கப்பூர் மின்கட்டணமும் அப்படித்தான். ஐயா சொன்னது அங்கே பொருந்தும்.

-----

தம்பி, தங்கச்சி,

விடுதொகை எனக்குப் பிடித்திருக்கிறது. பின்வரவு அவ்வளவாக இல்லை; 'பின்வரும்' என்பதன் அச்சுப்பிழை போலத் தெரிகிறது. ஆனாலும் மீள்படியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நாலாம் ஆண்டுப் பிள்ளையிடம் தோற்றதில் வெட்கமில்லை.

— செந்தூல்

-----

ஐயாவுக்கும் தங்கைக்கும் நன்றி.

சேமக்கலத்தைப் போட்டுவிட்டேன், முதல் இடத்தில் மட்டும் 'பேட்டரி எனும் சேமக்கலம்' என்று. மின்னூர்தி என்று போடச் சொல்லித் தனிமடலில் ஒருவர் எழுதியிருந்தார். பிறையில் யாரும் ஊர்தி ஓட்டுவதில்லை, காடிதான் ஓட்டுகிறார்கள். 'மின்காடி' என்றே விட்டிருக்கிறேன்.

ஐயாவின் அச்சுப்பிழைப் பயம் எனக்கும் இருந்தது. நேற்று மாலை அத்தையிடம் புதுத் தாளைக் கொடுத்து, மறுபடி இப்படி ஒரு திட்டம் வந்தால் என்ன பெயர் போடலாம் என்று இரண்டு வரி மட்டும் காட்டினேன். ஐயா சொன்ன அடுக்கில் முதல் வரி: 'சோலார் பொருத்தினால் 4,000 வெள்ளி தள்ளுபடி.' அடுத்த வரி: 'சோலார் பொருத்தினால் 4,000 வெள்ளி பின்வரவு.'

முதல் வரியைப் படித்ததும், "அப்ப கடைக்காரன்கிட்ட நாலாயிரம் கொறச்சுக் கொடுத்தா போதும்" என்றார். அது தப்பு, சோலாரிஸில் முழு விலையும் முதலில் நாம்தான் கட்டவேண்டியிருந்தது.

இரண்டாவது வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"பின்வரவுன்னா... மொதல்ல எங்காசத்தான் எடுத்து வைக்கணுமா?"

திங்கட்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறேன்.

— பிறை