அந்த விதைப்பந்துக்குள் என்ன விதை இருந்தது?

கட்டபெட்டு வாத்தியார்
நேற்று ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினம். ஊட்டிப் பக்கம் ஒரு பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றம் போட்ட பதிவு காலையிலிருந்து எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றுகிறது. "பள்ளிக்குப் பின்னால் தரிசாகக் கிடந்த மொட்டைக் குன்றில் எங்கள் மாணவர்கள் 2,000 விதைப்பந்துகளை வீசினார்கள். குன்று இனி காடாகும்." கூடவே கையெல்லாம் செம்மண்ணோடு பிள்ளைகள் சிரிக்கிற படம்.

வயிறு எரிகிறது. அது தரிசு இல்லை, புல்வெளி. சாயங்காலம் நேரிலேயே போய்ப் பார்த்தேன். வேலி ஓரம் உருண்டு கிடந்த பந்து ஒன்றை எடுத்து உடைத்தேன். உள்ளே புங்கங்கொட்டை. இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே, உறைபனி விழுந்தால் டீச்செடியே கருகிப்போகிற இடத்தில், புங்கன்! பதினோரு வருஷம் பள்ளியில் பசுமைப்படை என்ற மாணவர் சுற்றுச்சூழல் மன்றத்தை நடத்தியவன் என்ற உரிமையில் கேட்கிறேன்: இதைச் சொல்லிக் கொடுத்தது யார்?

குன்னூர் அப்பா
என் மகள் அந்தப் பள்ளியில்தான் ஏழாவது படிக்கிறாள். இரண்டு நாள் உட்கார்ந்து உருட்டினாள். நகத்துக்குள் போன மண் இன்னும் போகவில்லை. பிள்ளைகள் ஆசையாகச் செய்ததை இப்படித்தான் பேசுவீர்களா சார்? அப்புறம், அது நாவல் விதை. பள்ளியில் அப்படித்தான் சொன்னார்கள். புங்கன் இல்லை.

கட்டபெட்டு வாத்தியார்
பிள்ளைகளை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லிக் கொடுத்தவர்களைத்தான் கேட்கிறேன். நான் உடைத்த பந்தில் இருந்தது புங்கங்கொட்டை. நாவல் கொட்டைக்கும் புங்கங்கொட்டைக்கும் வித்தியாசம் தெரியாதவன் இல்லை நான்.

ஈரோட்டுக்காரன்
புங்கனோ நாவலோ, மரம் மரம்தானே? மரம் இருந்தால்தான் மழை. நாங்கள் இங்கே வெயிலில் வேகிறோம், நீங்கள் மரம் வைக்காதே என்கிறீர்கள். படித்தவர்கள் பேசுகிற பேச்சா இது?

கட்டபெட்டு வாத்தியார்
ஈரோட்டுக்காரரே, உங்கள் வயலுக்கு வருகிற பவானி எங்கள் மலையில்தான் பிறக்கிறது. எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆடி மழையில் அந்தப் புல்வெளியில் ஒரு பிடி மண்ணைப் பெயர்த்துப் பாருங்கள். கறுப்பு மண், அதற்குள் தலைமுடி மாதிரி பின்னிக் கிடக்கும் வேர். கையில் எடுத்தால் பஞ்சிலிருந்து ஒழுகுகிற மாதிரி தண்ணீர் சொட்டும். அந்தத் தண்ணீர் மெல்ல இறங்கிக் கீழே சதுப்புக்கு வரும், அங்கிருந்து ஓடைக்கு. மாசி மாசம் ஊரெல்லாம் காய்ந்தாலும் புல்வெளிக்குக் கீழே இருக்கிற ஊற்று கசிந்துகொண்டே இருக்கும்.

எங்கள் உயரத்தில் மடிப்பிலும் பள்ளத்திலும்தான் சோலைக்காடு, மேட்டில் புல். மேட்டில் பனி விழும், சோலை மரத்துக் கன்று அதைத் தாங்காது. அதனால் அங்கே மரம் வரவில்லை. யாரும் வெட்டி மொட்டையாக்கவில்லை. வெள்ளைக்காரன் கண்ணுக்கு அது வீண் நிலம். 1840களிலிருந்து கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில் மரம்) கொண்டுவந்து வைத்தான். சுதந்திரத்துக்குப் பிறகு ஆலைகளுக்காக நாமே இன்னும் அதிகமாக வைத்தோம். சீகையை வெட்டினால் மண்ணுக்குள் பல வருஷமாகக் கிடக்கிற விதை மொத்தமும் முளைத்து வரும். அதைப் பிடுங்கத்தான் இன்று அரசாங்கம் காசு செலவழிக்கிறது. அந்தப் பக்கம் பிடுங்குகிறார்கள், இந்தப் பக்கம் பள்ளிக்கூடம் "தரிசு" என்று சொல்லிப் பந்து வீசுகிறது.

மஞ்சூர் தேயிலை
வாத்தியார் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார். நீங்கள் இருக்கிற கட்டபெட்டில் வீட்டைச் சுற்றி என்ன இருக்கிறது? டீத்தோட்டம். அது மட்டும் சொர்க்கத்திலிருந்து இறங்கியதா? அதுவும் ஒரு காலத்தில் புல்லும் சோலையும்தான். முதலில் அதைப் பிடுங்குங்கள், பிறகு பிள்ளைகள் வீசின பந்தைப் பொறுக்கலாம்.

கட்டபெட்டு வாத்தியார்
எங்கள் தாத்தா போட்ட தோட்டம், முக்கால் ஏக்கர். மறைக்கவில்லை. அதற்காக இருக்கிற கொஞ்சப் புல்லையும் விடவேண்டுமா? கேள்வியை மாற்றாதீர்கள். பந்துக்குள் என்ன விதை?

மஞ்சூர் தேயிலை
முக்கால் ஏக்கர் வைத்திருக்கிறவருக்குப் பென்ஷன் வருகிறது. எங்களுக்குப் பச்சைத் தேயிலைக்குக் கிலோவுக்குக் கிடைக்கிற விலை தெரியுமா? பறிக்கிற கூலிக்கே சரியாகப் போகிறது. இந்த மலையில் எல்லாப் பழியும் கடைசியில் விவசாயி தலையில்தான்.

கட்டபெட்டு வாத்தியார்
விவசாயியைப் பற்றி நான் எங்கே பேசினேன்? நீங்கள்தான் இழுத்தீர்கள். போன வருஷம் கழிவுநீர் விஷயத்திலும் இப்படித்தான் இழுத்தீர்கள், எனக்கு மறக்கவில்லை.

அரசுப்பள்ளி டீச்சர்
நானும் பசுமைப்படைப் பொறுப்பு ஆசிரியைதான், அதனால் சொல்கிறேன். சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. பசுமைப்படை தொடங்கியும் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் கைக்கு வந்து சேர்வது என்ன? முதல் நாள் ராத்திரி ஒரு செய்தி: நாளை மரம் நட்டு, மாலை நான்கு மணிக்குள் படம் அனுப்பவும். ஒரு வருஷம் எங்களுக்கு வந்து இறங்கியது வேப்பங்கன்று. பெயருக்கு நட்டோம், கார்த்திகைப் பனியில் கறுத்துப்போனது. ஒரு பெண் குழந்தை அந்தக் குச்சிக்குத் தை மாசம் வரை தண்ணீர் ஊற்றினாள். அவளிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை சார். ஓய்வு பெற்றவர்கள் சுலபமாகக் கேட்கலாம், யார் சொல்லிக் கொடுத்தது என்று.

கட்டபெட்டு வாத்தியார்
டீச்சர், நானும் அந்தச் செய்தி வாங்கியவன்தான். ஆனால் மரம் நடு என்று வந்தால் சோலை ஓரத்தில், சோலைக் கன்றை நட்டேன். கோத்தகிரி லாங்வுட் சோலைக்கு வருஷா வருஷம் கூட்டிப்போனேன். அதிலிருந்து வருகிற தண்ணீரை எத்தனை ஊர் குடிக்கிறது என்று பிள்ளைகளையே போய் விசாரித்து எழுத வைத்தேன். புல்வெளியில் மஞ்சளாகப் பூக்கிற சீமைப் புதரைப் பிடுங்க வைத்தேன். செலவு ஒரு பைசா இல்லை. மனசு இருந்தால் செய்யலாம்.

அரசுப்பள்ளி டீச்சர்
மனசு இல்லை என்கிறீர்களா? ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர் இருக்கிறோம். ஒருவர் பிள்ளைகளைச் சோலைக்குக் கூட்டிப்போனால் மிச்ச வகுப்பை யார் பார்ப்பது? நீங்கள் மேல்நிலைப் பள்ளியில் இருந்தீர்கள்.

கொடை மலையான்
பழனி மலையிலிருந்து ஒரு வார்த்தை. இங்கே சுற்றுலா வருகிற பள்ளிப் பிள்ளைகள் பைன் தோப்பில் நின்று படம் எடுத்து "காடு" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். கீழே குனிந்து பார்த்தால் ஊசி இலை மெத்தைதான், ஒரு புல் கிடையாது. குறிஞ்சி பூப்பது புல்வெளியில். 2018-ல் இங்கே பூத்தது, அடுத்தது 2030. அதுவரை இடம் இருக்குமா என்றுதான் எங்கள் கவலை. வாத்தியார் சொல்வது சரி. ஆனால் நீலகிரிக்காரர்கள் உலகத்தில் இருக்கிற ஒரே மலை தங்கள் மலைதான் என்பது போலப் பேசுவது எப்போதும் இருக்கிறது.

மஞ்சூர் தேயிலை
கொடைக்கானல்காரர் எங்களுக்குப் பாடம் எடுக்கவேண்டாம். பிளாஸ்டிக்கைத் தடை செய்து மாநிலத்துக்கே வழி காட்டிய மாவட்டம் இது. மாநிலம் முழுக்கத் தடை வந்தது 2019-ல்தான்.

கொடை மலையான்
வழி காட்டிய லட்சணத்தைக் கல்லட்டி மலைப்பாதைச் சரிவில் எட்டிப் பார்த்தால் தெரியும்.

ஈரோட்டுக்காரன்
எல்லாவற்றுக்கும் சமவெளிக்காரன்தான் காரணம் என்று அடுத்து வரும். 2024-லிருந்து இ-பாஸ் எடுத்துக்கொண்டுதான் ஏறுகிறோம். மேலே வந்தால் பாட்டிலைப் பிடுங்குகிறீர்கள். மரம் வைத்தாலும் தப்பு. ஊட்டி உங்கள் பட்டா நிலமா?

கட்டபெட்டு வாத்தியார்
இ-பாஸ் வேறு விஷயம். அதைத் தனியாகப் பேசலாம், அங்கேயும் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. இங்கே கேள்வி ஒன்றுதான், இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை. பந்துக்குள் என்ன விதை? அந்தக் குன்றில் எருமை மேய்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். தோடர்கள் கோயில் வேய்கிற புல் இந்த மாதிரிச் சதுப்பு ஓரத்திலிருந்துதான் வரவேண்டும், இப்போது அதைத் தேடி எவ்வளவோ தூரம் நடக்கிறார்கள். அந்த நிலத்தைத் "தரிசு" என்று ஒரு பள்ளிக்கூடம் எழுதுகிறது. பன்னிரண்டு வயசில் அந்த வார்த்தையைப் படித்த பிள்ளை நாளைக்கு அதிகாரியாக வந்தால், அந்த நிலத்தைக் கட்டடத்துக்குத் தயங்காமல் எழுதிக் கொடுக்கும்.

குன்னூர் அப்பா
தரிசு என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு காலையிலிருந்து பிள்ளைகளின் பள்ளியை அடிக்கிறீர்கள். எழுதினவர் ஒரு இளம் டீச்சர், சேர்ந்து ஆறு மாசம். இப்போது யார் யாரோ அவரைத் திட்டுகிறார்கள். அதற்கு நீங்கள்தான் பொறுப்பு. நாவல் விதைதான். நாவல், நாவல், நாவல்.

கட்டபெட்டு வாத்தியார்
யாரும் திட்டவேண்டாம் என்று நானும் சொல்கிறேன். அந்த டீச்சர் வந்தால் குன்றுக்கு நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன். ஆனால் புங்கங்கொட்டை புங்கங்கொட்டைதான். உடைத்தது என் கைப்பெருவிரல்.

அரசுப்பள்ளி டீச்சர்
நாவலாகவே இருந்தாலும் சமவெளி நாவலா, சோலையில் வளர்கிற வகையா? இரண்டும் ஒன்றில்லை.

கட்டபெட்டு வாத்தியார்
அதைத்தான் டீச்சர் நானும் சொல்ல வந்தேன்.

அரசுப்பள்ளி டீச்சர்
உங்களுக்கு ஆதரவாகச் சொல்லவில்லை. மனசு இல்லை என்று சொன்னதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

குன்னூர் அப்பா
மகளின் பையில் ஒரு பந்து மிச்சம் இருக்கிறது. நியூஸ் பேப்பரில் சுற்றி வைத்திருக்கிறாள்.

கட்டபெட்டு வாத்தியார்
உடையுங்கள். ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

குன்னூர் அப்பா
உடைக்கமாட்டேன். ஜன்னல் ஓரத்தில் டப்பாவில் மண் போட்டு வைக்கப்போகிறாளாம்.

கட்டபெட்டு வாத்தியார்
சரி, வைக்கட்டும். இலை வந்ததும் படம் போடுங்கள். புங்கன் இலையை நூறு அடி தூரத்திலிருந்து சொல்வேன்.

குன்னூர் அப்பா
உங்களுக்குக் காட்டுவதற்காக அவள் வளர்க்கவில்லை சார்.

ஈரோட்டுக்காரன்
அந்தக் கழிவுநீர் விஷயம் என்ன? யாராவது சொல்லுங்கள்.