பன்றிக் குட்டிங்க கழியுது, அவசரம்!! தீவனத்துல என்ன மாத்தறது?

புதுப்பண்ணை · ஞாயிறு, இரவு 9.12
வணக்கமுங்க. ஒரு வாரமா குட்டிங்க தண்ணி மாதிரி கழியுது. ரெண்டு செத்துருச்சு. மருந்து போட்டா நிக்குது, விட்டா மறுபடி ஆரம்பிக்குது. தீவனத்துலயே ஏதாவது மாத்தி இது வராம பண்ண முடியுங்களா? தீவனத்துல குறையே இல்ல, நானே அரைச்சுப் போடறேன். தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

கொட்டில்காரன் · 9.20
எத்தனை நாள் குட்டி? தாய்கிட்ட இருக்கா, பிரிச்சாச்சா? கழிச்சல் என்ன நிறம்? 7-லிருந்து 15 நாளுக்குள்ள, மஞ்சளா பசை மாதிரி போனா காக்சிடியாதான், குடல்ல வர்ற ஒட்டுண்ணி. அதுக்கு நீங்க போடற ஆன்டிபயாடிக் வேலையே செய்யாது. நிறைய பண்ணையில இதுதான்.

மோர்_வைத்தியம் · 9.31
புளிச்ச மோர் குடுங்க. காலைல ஒரு லிட்டர், சாயங்காலம் ஒரு லிட்டர். எங்கப்பா காலத்துல இருந்து இதான்.

மூத்தவர்_நாமக்கல் · 9.48
தம்பி, டாக்டர்கிட்டப் போறவன் "உடம்பு சரியில்ல"ன்னு மட்டும் சொல்லிட்டு உக்காந்துக்குவானா? வயசு, எடை, தீவனக் கலவை, பிரிச்ச நாள், குடற்புழு மருந்து, இரும்பு ஊசி. இதெல்லாம் எழுதிட்டுக் கேளுங்க. இங்க யாரும் ஜோசியர் இல்ல. இதே கேள்விக்கு நான் முன்னாடியே பத்து தடவை பதில் போட்டிருக்கேன், தேடிப் பாத்தாலே கிடைக்கும்.

புதுப்பண்ணை · 10.05
மன்னிச்சுக்கங்க சார், பதட்டத்துல விட்டுப்போச்சு. வெண்பன்றிக் குட்டி, மொத்தம் 23. தாய்கிட்ட இருந்து 28 நாள்ல பிரிச்சேன் (வீடியோல பாத்தது). பிரிச்ச நாலாம் நாள் ஆரம்பிச்சது. வெளிர் மஞ்சளாத் தண்ணியா போகுது, ரத்தம் இல்ல. இரும்பு ஊசி 3-ஆம் நாள் போட்டாச்சு. 100 கிலோவுக்குக் கலவை: மக்காச்சோளம் 50, சோயா 30, தவிடு 15, கால்சைட் (சுண்ணாம்புக் கல் தூள்) 4, உப்பு தாது எல்லாம் சேத்து 1.

வெண்பன்றி_சேலம் · 10.22
செத்தது கொழுகொழுன்னு இருந்த குட்டியா, நோஞ்சானா? சாகறதுக்கு முன்னாடி கண் இமை வீங்கிச்சா, தள்ளாடுச்சா? பிரிச்ச பிறகு நல்லா தின்னு வளர்ற குட்டியே திடீர்னு விழுந்தா அது வேற கதை. ஈ.கோலைங்கற குடல் கிருமியோட நஞ்சு ரத்தத்துல ஏறி வர்ற வீக்க நோய்.

புதுப்பண்ணை · 10.30
ஒண்ணு நல்ல குட்டி, ஒண்ணு நோஞ்சான். வீக்கம் இல்லீங்க.

மூத்தவர்_நாமக்கல் · 10.41
கலவையப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. சோயா புண்ணாக்குல 45 சதவீதம் புரதம்னு வெச்சா 13.5, சோளத்துல 4.5, தவிட்டுல 1.8. கிட்டத்தட்ட 20 வருது. நாலு வாரக் குட்டி வயித்துல அமிலமே சரியா ஊறாது. செரிக்காத புரதம் பெருங்குடலுக்குப் போகும், ஈ.கோலைக்கு விருந்து. போதாக்குறைக்கு 4 கிலோ கால்சைட்! அது இருக்கற அமிலத்தையும் குடிச்சிரும். கணக்குப் போட்டா கால்சியம் 1.5 சதவீதம் வருது, குட்டிக்கு 0.8 போதும். எலும்பு பலமாகட்டும்னு கொட்டிட்டீங்க போல.

கொட்டில்காரன் · 10.50
கால்சைட் விஷயத்துல அண்ணன் சொல்றது சரி. ஆனா சாணி மாதிரி பாக்காம காக்சிடியாவ ஒதுக்க முடியாது.

மூத்தவர்_நாமக்கல் · 10.52
28 நாள் தாண்டுன குட்டிங்க. நீங்க சொன்ன வயசுக் கணக்குலயே வரல.

ஓட்டல்_தீனி · 11.03
இவ்ளோ செலவு எதுக்கு? நான் ஓட்டல் மிச்சம்தான் போடறேன். சோறு, சாம்பார், இட்லி. எம் பட்டியில கழிச்சலே கிடையாது.

வெண்பன்றி_சேலம் · 11.10
கொதிக்க வெச்சுப் போடறீங்களா? வயநாட்டுல 2022-ல ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்து பண்ணை பண்ணையா அழிச்சாங்க. அதுக்கு நம்ம நாட்டுல தடுப்பூசியும் இல்ல. பன்றிக்கறி மிச்சம் கலந்த தீனி வழியாவே பரவும். அதோட ஊறுகாய், கருவாடு உப்பு சேந்து தண்ணி போதாமப் போச்சுன்னா, கழிச்சல் இருக்காது, வலிப்பு வந்து செத்துரும்.

ஓட்டல்_தீனி · 11.14
நாங்க பதினஞ்சு வருசமா பச்சையாத்தான் போடறோம். கம்பெனி தீவனம் விக்கறவங்க கிளப்பி விடற பயம் இது.

கொட்டில்காரன் · 11.19
வைரஸ்கிட்டப் போயி பதினஞ்சு வருச அனுபவம்னு சொல்லுங்க, விட்ருமா பாக்கலாம்.

*(இதுக்கு நடுவுல ஓட்டல் தீனி பத்தி 14 பதில்கள், கம்பெனி தீவன விலை பத்தி 6)*

விவசாயி_அரூர் · திங்கள், காலை 6.15
எங்கூர் கடையில கொலிஸ்டின் பொடி தர்றாங்க, தண்ணில கலந்தா ஒரே நாள்ல நிக்கும். துத்தநாக ஆக்சைடும் போடுங்க, டன்னுக்கு 3 கிலோ.

வெண்பன்றி_சேலம் · 6.40
கொலிஸ்டின கறி, பால், முட்டைக்கு வளக்கற கால்நடைக்கு விக்கறதே 2019-ல இந்தியாவுல தடை பண்ணியாச்சு. மனுசனுக்கு எந்த மருந்தும் கேக்காதப்ப கடைசியா எடுக்கற மருந்து அது, இதுல விளையாடாதீங்க. துத்தநாகம் கேக்கும், பொய்யில்ல. ஆனா அவ்வளவு அளவுல மருந்தாப் போடறத ஐரோப்பாவுல 2022-ல நிறுத்திட்டாங்க. சாணி வழியா மண்ணுல சேருது, எதிர்ப்பு வந்த கிருமியும் பெருகுது. டாக்டர் சொல்லாம இதெல்லாம் வேண்டாம்.

புதுப்பண்ணைக்கு: இன்னைக்கே கால்சைட்ட ஒரு கிலோவாக் குறைங்க. தீவனத்தப் பாதியாக்கி, ரெண்டு வேளைக்குப் பதிலா ஆறு வேளையா கொஞ்சம் கொஞ்சமா வைங்க. குழைய வெந்த அரிசிக் கஞ்சி லேசா செரிக்கும். குடிக்க ஓ.ஆர்.எஸ். தண்ணி தனியா ஒரு தொட்டில. எலுமிச்சை உப்பு 100 கிலோவுக்கு ஒரு கிலோ கலக்கலாம். மோர்_வைத்தியம் சொன்னதும் இதே வேலைதான், லாக்டிக் அமிலம். ஆனா 21 குட்டிக்கு ரெண்டு லிட்டர் எந்த மூலைக்கு? ராத்திரி குளிர் அடிக்காம வைக்கோல் போடுங்க. சாணி மாதிரிய மாவட்டத்துல இருக்கற கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்புங்க.

அப்புறம் ஒரு சந்தேகம். சோயான்னு மட்டும் போட்டிருக்கீங்க. புண்ணாக்குதானே?

மூத்தவர்_நாமக்கல் · 7.05
புண்ணாக்கில்லாம வேற என்ன? நாம பாடமெடுக்கற அளவுக்கு ஒண்ணுமில்ல இதுல.

புதுப்பண்ணை · மதியம் 1.30
இல்லீங்க சார், முழு சோயாப் பயறு. புண்ணாக்குல எண்ணெய் எடுத்துட்டாங்கல்ல, பயறுல சத்து அதிகம்னு மில்லுல அப்படியே அரைச்சது.

வெண்பன்றி_சேலம் · 1.34
வறுத்தீங்களா, வேக வெச்சீங்களா?

புதுப்பண்ணை · 1.36
பச்சையாத்தான்.

கொட்டில்காரன் · 1.41
அடக் கடவுளே.

வெண்பன்றி_சேலம் · 1.58
பச்சை சோயாவுல டிரிப்சின தடுக்கற பொருள் இருக்கு. டிரிப்சின்தான் குடல்ல புரதத்த அறுக்கற கத்திரி. அதக் கட்டிப்போட்டா எவ்வளவு புரதம் போட்டாலும் அப்படியே கீழ இறங்கி அழுகும். இது போக, சோயாவுலயே குட்டிக் குடலுக்கு ஒவ்வாத புரதம் உண்டு. குடல்ல உறிஞ்சற மேல்பூச்சே அதனால தேஞ்சுபோகும். புண்ணாக்கு ஆலையில சூடு பட்டு வருது, அதனால முதல் பிரச்சினை அதுல பெரும்பாலும் இல்ல.

பச்சைப் பயற உடனே நிறுத்துங்க. சோயா புண்ணாக்கு 20-க்கு மேல வேண்டாம், நல்ல மீன்தூள் 5, மீதிய சோளத்துல ஏத்துங்க. புரதம் 18 பக்கம் நின்னாப் போதும், ஆனா லைசின் (வளர்ச்சிக்கு வேண்டிய அமினோ அமிலம்) தனியா சேக்கணும், இல்லன்னா வளர்ச்சி நிக்கும். கடலைப் புண்ணாக்கு மாத்தறதா இருந்தா பூசணம் பாத்து வாங்குங்க. அடுத்த ஈத்துல 42 நாளாவது தாய்கிட்ட விடுங்க. ரெண்டு வாரக் குட்டியிலிருந்தே குட்டித் தீவனம் ஒரு கைப்பிடி பழக்குங்க. பிரிச்ச அன்னைக்கே புதுத் தீவனத்த முழுசா கொட்டாதீங்க.

மூத்தவர்_நாமக்கல் · 2.20
நான் போட்ட கணக்கு புண்ணாக்குக்கு. கலவைய ஒழுங்கா எழுதாதது யார் தப்பு?

கொட்டில்காரன் · 2.26
"வேற என்ன"ன்னு கேட்டது யாருங்கண்ணே?

புதுப்பண்ணை · அடுத்த ஞாயிறு, இரவு 8.50
மன்னிக்கணும், வேலையா இருந்துட்டேன். மொத்தம் நாலு போச்சு, மிச்சம் 19 பரவால்ல, சாணி கட்டியாகுது. எல்லாருக்கும் நன்றி. பச்சை சோயா இன்னும் நாலு மூட்டை கெடக்கு, தூக்கிப் போட மனசு வரல. என்ன பண்றது?

கொட்டில்காரன் · 8.58
சந்தோசம். சாணி பரிசோதனை ரிசல்ட் என்ன வந்துச்சு? எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்திட்டீங்க, எதுனால நின்னுதுன்னு இனி யாராலயும் சொல்ல முடியாது.

வெண்பன்றி_சேலம் · 9.15
சினைத் தாய்ப்பன்றி ஓரளவு தாங்கும், அதுக்குக் கொஞ்சம் கொஞ்சமா கலந்து தீத்துருங்க. குட்டிக்குன்னா மில்லுல நல்லா வறுத்துத் தரச் சொல்லுங்க. கருகிட்டாலும் பிரயோசனமில்ல, லைசின் போயிரும்.

மூத்தவர்_நாமக்கல் · 9.40
சோயா வறுக்கறது பத்தி தனியா ஒரு பதிவு போட்டிருக்கேன். தேடிப் பாக்கவும்.