கருப்பட்டி–புளிப் பாகு பூசிச் சுடும் பச்சைக் காய்கள் கருகுகின்றன, ஆனால் வேகவில்லை: உதவி தேவை

கேள்வி (பாளையங்கோட்டை)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மறுவீட்டு விருந்துக்குத் தேங்காய்ப்பால் குழம்பான சொதி வைக்கவிருக்கிறோம். வழக்கமான இஞ்சிப் பச்சடியோடும் உருளைக்கிழங்கு வறுவலோடும், பீன்ஸ், வெண்டைக்காய், புரோக்கோலி மூன்றையும் ஓ.டி.ஜி. என்னும் மின்அடுப்பில் சுட்டு, உடன்குடிக் கருப்பட்டியும் புளியும் சேர்ந்த பாகு பூசிப் பரிமாற வேண்டும் என்பது என் விருப்பம். நறுக்கிய காய்களில் எண்ணெய், உப்பு, புளிக்கரைசல், பொடித்த கருப்பட்டி எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசறி, 200 டிகிரி செல்சியஸில் 25 நிமிடம் வைக்கிறேன். தட்டின் ஓரங்களில் பாகு கருகிக் கசக்கிறது. நடுவில் நீர் கோத்து நிற்கிறது. பீன்ஸ் பச்சை மங்கிப் பழுப்பேறியும் உள்ளே விறைப்பாகவே இருக்கிறது. வெப்பத்தைக் குறைக்க வேண்டுமா, கூட்ட வேண்டுமா?

பதில் (வள்ளியூர்)

அக்கா, வெப்பத்தை 220 டிகிரிக்குக் கூட்டுங்கள். ஆனால் அதைவிட முக்கியம், புளியையும் கருப்பட்டியையும் தொடக்கத்தில் சேர்க்காமல் இருப்பது. நீங்கள் சொன்ன குறைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு செயலிலிருந்தே வருகின்றன. காயின் திசுக்களைப் பிணைத்து வைத்திருக்கும் பெக்டின் புளிப்பில் எளிதில் இளகாது. புளிக்குழம்பில் காயை முக்கால் பதம் வேகவைத்த பிறகே புளி ஊற்றுவது இதற்காகத்தான். அதே புளிப்பு, சூட்டோடு சேரும்போது பச்சையத்திலுள்ள மக்னீசியத்தை வெளியேற்றிவிடுவதால் நிறம் மங்குகிறது. கருப்பட்டியோ பெரும்பகுதி சர்க்கரை. நீர் வற்றிய ஓரங்களில் அது 160 டிகிரியைத் தாண்டியதும் விரைவாகக் கருகிக் கசப்பேறும். நடுவில் நீர் நிற்கும் வரை அங்குள்ள காய் 100 டிகிரியைத் தாண்டாமல் அவிந்துகொண்டே இருக்குமே தவிரச் சுடப்படாது.

ஆகவே பாகைத் தனியாகக் காய்ச்சுங்கள். அரைக் கிலோ காய்க்குச் சிறிய எலுமிச்சை அளவு புளியை அரைக் கோப்பை வெந்நீரில் கரைத்து, 60 கிராம் கருப்பட்டியையும் அதில் கரைத்து, மண் போக வடிகட்டி, துருவிய இஞ்சியும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து, கரண்டியின் பின்புறத்தில் படியும் வரை சிறு தீயில் வற்றவிட வேண்டும். கம்பிப் பதத்துக்குப் போகவிடாதீர்கள், ஆறினால் இறுகிவிடும்.

காய்களை ஈரமின்றித் துடைத்த பிறகு நறுக்குங்கள். வெண்டைக்காய்க்கு இது கட்டாயம். நல்லெண்ணெய் மட்டும் பிசறி, முன்கூட்டியே சூடேற்றிய அடுப்பில், ஒன்றின்மேல் ஒன்று படாதவாறு பரப்பி 12 முதல் 15 நிமிடம் சுட்டால் விளிம்புகள் சிவக்கும். அப்போது பாகில் பாதியைப் புரட்டி மூன்று நிமிடம் மட்டும் மீண்டும் வையுங்கள். மீதியையும் உப்பையும் வெளியே எடுத்த பின் சேர்க்கலாம். மூன்று காய்களுக்கும் தனித்தனித் தட்டுகளே நல்லவை. புரோக்கோலியின் மொட்டு நுனிகள் பீன்ஸுக்கு முந்திக் கருகும்.

பதில் (தென்காசி)

பச்சை நிறம் நிற்க, காயை ஒரு சிட்டிகை சமையல் சோடா கலந்த வெந்நீரில் போட்டெடுத்தால் போதும் என்று கருதுகிறேன். எங்களிடம் மின்அடுப்பு இல்லாததால் இருப்புச்சட்டியில்தான் சுடுகிறோம். அதிலேயே பாகையும் காய்ச்சலாமா?

பதில் (வள்ளியூர்)

அண்ணாச்சி, சோடா நிறத்தைக் காக்கும் என்பது உண்மை. ஆனால் அது பெக்டினைக் கரைத்துக் காயைக் கொழகொழப்பாக்கும். தயமின் என்ற உயிர்ச்சத்தும் அதில் சிதையும். மொறுமொறுப்பை நாடிச் சுடும் காய்க்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இருப்புச்சட்டி காயைச் சுடுவதற்கு மிகச் சிறந்தது. சட்டியை நன்கு காயவைத்து, காயைச் சிறிது சிறிதாகப் போட்டு, முதல் இரண்டு நிமிடம் கிளறாமல் விட்டால் போதும். பாகை மட்டும் மண்சட்டியிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ காய்ச்சுங்கள். புளி இரும்பைக் கரைத்து, பாகைக் கறுக்கச் செய்து, வாயில் இரும்புச் சுவையையும் விடும். பழக்கிய சட்டியின் எண்ணெய்ப் பூச்சும் போய்விடும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, தம்பி. பாகைத் தனியாகக் காய்ச்சிச் சுட்டுப் பார்த்தேன். பீன்ஸ் உள்ளே வெந்து, வெளியே சிவந்து வந்தது, கசப்பு துளியும் இல்லை. இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. விருந்துக்கு எவ்வளவு முன்னதாகச் செய்து வைக்கலாம்? கருப்பட்டியின் கறுப்பு காயின் பச்சையை மறைப்பதால் வெல்லத்துக்கு மாறலாமா?

பதில் (வள்ளியூர்)

பாகை முந்தைய நாளே காய்ச்சி வைக்கலாம். பரிமாறும் முன் சிறிது வெந்நீர் தெளித்து இளக்கினால் போதும். காயைப் பந்திக்கு அரை மணி நேரம் முன்பு சுட்டு, மூடாமல் வையுங்கள். மூடினால் ஆவி இறங்கித் துவண்டுவிடும். பாகு பூசுவது இலை போட்ட பிறகு.

வெல்லம் நிறத்தைத் தெளிவாகக் காட்டும் என்றாலும் நான் கருப்பட்டியையே வைத்துக்கொள்வேன், அக்கா. சொதியில் தேங்காய்ப்பாலின் இனிப்பு ஏற்கெனவே இருப்பதால், அதன் அருகில் வெறும் இனிப்பைவிடக் கருப்பட்டியின் புகை மணமும் லேசான கைப்பும் நன்றாகப் பொருந்தும். நிறம்தான் கவலை என்றால், பூசும் பாகைக் குறைத்து, கடைசியில் எலுமிச்சைச் சாற்றைச் சில துளி பிழியுங்கள். பரிமாறும் நேரத்தில் சேரும் புளிப்பு பச்சையைக் கெடுப்பதற்குள் இலை காலியாகிவிடும்.