புதுப்பிப்பு: நிச்சயதார்த்த வைர மோதிரம் வாங்கியாகிவிட்டது

கையிலுள்ள தொகைக்குள் எப்படியாவது ஒரு காரட் வைரம் வாங்குவதா, எடையைக் குறைத்துக்கொண்டு நன்றாகப் பட்டை தீட்டிய கல்லை எடுப்பதா என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. இரண்டாவது வழியையே தேர்ந்தெடுத்தோம்.

வாங்கியது 0.90 காரட் வட்டக் கல்; நிறம் ஹெச் (ஏறத்தாழ நிறமற்றது), தூய்மை எஸ்ஐ1 (உள்ளே சிறு குறைகள் உள்ள தரம்), பட்டைத் தரம் எக்ஸலென்ட் (மிகச் சிறந்தது). எடை முழு ஒரு காரட்டைத் தொடும் இடத்தில் விலை சட்டென்று ஏறிவிடுகிறது. ஆனால் சீராகப் பட்டை தீட்டிய ஒரு காரட் கல்லின் விட்டம் ஏறத்தாழ 6.5 மில்லிமீட்டர் என்றால், 0.90 காரட் கல்லுக்கு அது 6.2 அளவில் இருப்பதால், விரலில் அணிந்தபின் வித்தியாசம் எளிதில் புலப்படுவதில்லை. இன்னும் சொல்லப்போனால், நாங்கள் பார்த்த ஒரு காரட் கல் ஒன்று, ஆழம் மிகுந்து எடையெல்லாம் அடிப்பகுதியிலேயே தங்கிவிட்டதால், மேலிருந்து பார்க்கையில் இதைவிடச் சிறியதாகத் தெரிந்தது.

எஸ்ஐ1 தரம் குறித்துச் சிலர் எச்சரித்திருந்தீர்கள், நியாயமான எச்சரிக்கைதான். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தபோது ஓரத்தில் ஒரு வெண்ணிறத் துணுக்கு தென்பட்டது. வெறுங்கண்ணுக்கு அது தெரியவில்லை, இப்போது கல்லைப் பிடித்திருக்கும் கொக்கியின் அடியில் மறைந்தும்விட்டது. கல்லின் இடைவிளிம்பில் லேசரால் பொறித்த எண்ணைச் சான்றிதழுடன் ஒப்பிட்ட பிறகே பணம் செலுத்தினோம்.

ஆய்வகத்தில் உருவாக்கிய வைரம் மலிவு என்பது உண்மையே. ஆனால் இயற்கைக் கல்தான் வேண்டும் என்பது என் வருங்காலத் துணையின் விருப்பம். மோதிரத்தை விரல் அளவுக்குச் சற்றுப் பெரிதாக்கக் கொடுத்திருக்கிறோம்.